ஒன்பது பூட்டு ஜனநாயகம்

"முதல்ல உங்க சாவிய மேசை மேல வைங்க!"

"ஏன், நீங்க முதல்ல வச்சா மேசை கடிச்சிருமா?"

"முன்னாடி வச்சு ஏமாந்தவங்க நாங்க!"

"எப்ப வச்சீங்க? தேதி சொல்லுங்க. மினிட்ஸ் புக்குல இருக்கா? எடுங்கய்யா அந்தப் புக்க!"

தரைத்தளத்து மன்றக் கூடத்திலிருந்து கிளம்பிய இந்தக் குரல்கள் படிக்கட்டு வழியாக ஏறி, இரண்டாம் மாடியில் இருக்கும் என் வீட்டுக்குள் வந்தன. நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. கதவைத் திறந்து வைத்து, நாற்பது படி இறங்கி, கூடத்துக்குள் போய், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். காதில் விழுந்தது.

சாவியை முதலில் வைக்கச் சொன்னவர் பல் டாக்டர், நாற்காலிக் கட்சித் தலைவர். வாயைத் திறந்தவர்கள் பதில் பேச முடியாத நிலையில் இருப்பதைப் பார்த்தே முப்பது வருஷம் பழகிவிட்டவர். திருப்பிக் கேட்டவர் டிரைவிங் ஸ்கூல் அம்மா, பெஞ்சுக் கட்சித் தலைவி. எதிராளி நீட்டி முழக்கினால் மேசைக்கடியில் வலது காலை அழுத்திப் பிரேக் போடுவார். பிடிக்காது. ஆனாலும் போடுவார்.

எங்கள் நாட்டில் கட்சி இரண்டுதான். நூறு வீட்டுக்கு மேல் இருக்கிற கட்டடம் எதுவானாலும் அதற்கு ஒரு மன்றம் உண்டு, தேர்தல் உண்டு, அதிலும் அதே இரண்டு கட்சிதான் நிற்கும். நாற்காலி என்றால் தனிமனித கௌரவம் என்பார்கள் நாற்காலிக்காரர்கள். பெஞ்சு என்றால் எல்லாரும் சேர்ந்து உட்காருவது என்பார்கள் பெஞ்சுக்காரர்கள். ஆட்சிக்கு வந்தால் இரண்டு பேரும் உட்காருவார்கள். நின்றுகொண்டிருப்பது நாங்கள்தான்.

சாவி விஷயம் இதுதான். எட்டு மாடிக் கட்டடத்தில் மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் லிஃப்ட் நின்றது. அப்போது நாற்காலி ஆட்சி. அவர்கள் கூட்டிவந்த மெக்கானிக் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் நுழைந்து, "நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். அவர் நாற்காலிக் கட்சி ஆள், எங்கள் கண்காணிப்பு இல்லாமல் அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது என்று பெஞ்சுக்காரர்கள் அன்று மாலையே அறைக்கு ஒரு பூட்டைப் போட்டார்கள். நீங்கள் மட்டும் பூட்டினால் உள்ளே என்ன செய்வீர்கள் என்று யாருக்குத் தெரியும் என்று நாற்காலிக்காரர்கள் மறுநாள் காலை இன்னொரு பூட்டைப் போட்டார்கள். இதற்கு 'இருதரப்புப் பாதுகாப்பு' என்று பெயர் வைத்து இரண்டு கட்சியும் கைதட்டின. இரண்டு சாவியும் ஒன்றாக வந்தால்தான் கதவு திறக்கும். யார் சாவியை முதலில் நீட்டுகிறாரோ அவர் பணிந்துபோனதாக அர்த்தம். மூன்று வருஷத்தில் ஆட்சி இரண்டு தடவை மாறியது. சாவி ஒரு தடவைகூட மேசைக்கு வரவில்லை.

அன்று நடந்தது லிஃப்டுக்கான நாற்பத்தியோராவது கூட்டம். கடைசி வரிசையில், டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பூட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பூட்டுக் கடை அவருடையது. மோட்டார் அறையின் இரண்டு பூட்டும் அவர் கையால் செய்ததுதான். வீடு ஆறாம் மாடி.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எதிர்ச்சாரியில் இருக்கும் நூலகத்தில் இருபத்தெட்டு வருஷம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர். பதினான்கு மாதத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வந்தவரை மேலே தூக்கிப்போக நாற்காலிக் கட்சியிலிருந்து இரண்டு பேர், பெஞ்சுக் கட்சியிலிருந்து இரண்டு பேர். கூடவே இரண்டு போட்டோக்காரர்கள். நாலாம் மாடித் திருப்பத்தில், படத்தில் முன்பக்கம் எந்தக் கட்சி நிற்பது என்று வாக்குவாதம் வந்தது. கை நீட்டிப் பேசுவதற்காக ஆளுக்கொரு கையை எடுத்தார்கள். அண்ணி படியில் கிடந்தபடி சொன்ன வார்த்தையை நானே கேட்டேன்.

"இனிமே என்னைத் தூக்கணும்னா நான் பொணமா இருக்கணும்."

ஒருவழியாக ஆறாம் மாடி சேர்ந்தபிறகு அவர் கால் தரையைத் தொடவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து நூலகத்துக்குள் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஐயா, வெயிலும் நடமாட்டமும் இல்லேன்னா எலும்பு சேராதுன்னு டாக்டர் எழுதியிருக்கார்" என்று எழுந்தார் பூட்டுக்காரர்.

"உங்க கஷ்டம் எங்க கஷ்டம். ஆனா சாவிய மறைச்சு வச்சிருக்கிறது அவங்க" என்றார் பல் டாக்டர்.

"உங்க வீட்டம்மா எனக்கு அக்கா மாதிரி. ஆனா முதல்ல அவர் வைக்கட்டும்" என்றார் டிரைவிங் ஸ்கூல் அம்மா.

கூட்டம் வழக்கம்போல் இரு கட்சிகளும் வெளிநடப்புச் செய்து முடிந்தது. இரண்டு கட்சிக்கும் ஒரே வாசல் என்பதால் அதிலும் கொஞ்சம் இடிபாடு.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கப்போவதை அண்ணி எப்போதோ கேட்டுவிட்டார். நாலு மாடிதானே, எனக்கும் கேட்டது. சமையலறை ஜன்னல் வழியாகப் பேச்சு அப்படியே இறங்கும்.

"அந்த ரெண்டு பூட்டும் நீங்க செஞ்சதுதானே? போய்த் திறந்துட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"சொந்தக்காரன் பக்கத்துல இல்லாம நான் பூட்டத் தொட மாட்டேன். தெரியும்ல உனக்கு?"

தெரியும். பூட்டுக்காரர்கள் உரிமம் வாங்கும்போது எடுக்கிற உறுதிமொழி அது. 'உரியவர் முன்னிலையிலன்றிப் பிறர் பூட்டைத் திறவேன்' என்று கண்ணாடிச் சட்டத்தில் கடையில் மாட்டியிருப்பார். "நான் ஒரு தடவ திறந்துட்டா, அப்புறம் இந்தத் தெருவுல எந்த வீடும் பூட்டின வீடு இல்ல" என்பார். பதவியேற்பு உறுதிமொழியைப் படித்துவிட்டுத் தாளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் நடுவில் இப்படியும் ஒரு ஆள்.

அவருக்கு வழி காட்டியவர் மூன்றாம் மாடிப் பேராசிரியர். அரசியல் பாடம் நடத்துகிறவர். மூச்சு வாங்க ஏறும்போது கடைக்கு முன்னால் நின்று இளைப்பாறுவது வழக்கம்.

"தப்பு ஆள்கள் மேல இல்ல, அமைப்பு மேல. ரெண்டே கட்சின்னா ஒருத்தன் தோத்தாத்தான் இன்னொருத்தன் ஜெயிக்க முடியும். அதனால யாரும் இறங்கி வர மாட்டான். மூணாவது ஒண்ணு வரட்டும், ரெண்டு பேரும் அதுகிட்ட வந்துதான் ஆகணும். கட்சி பெருகப் பெருக ஜனநாயகம் ஆழமாகும்."

"ஆழமானா லிஃப்ட் ஓடுமா சார்?"

"தானா ஓடும்."

அன்று சாயங்காலமே பூட்டுக் கடையில் மூன்றாவது கட்சி பிறந்தது. உறுப்பினர் இரண்டு பேர். ஒருவர் பூட்டுக்காரர். இன்னொருவர் அண்ணியின் தம்பி, ஐந்தாம் மாடி, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். "அக்கா தரையில நடக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்ட அண்ணி, "அஞ்சு நிமிஷ வேலைக்கு அஞ்சு வருஷத் திட்டமா?" என்று மட்டும் கேட்டார்.

கட்சியைப் பதிவு செய்யத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். அதிகாரி இருபத்தேழு பக்கப் படிவத்தைத் தள்ளினார்.

"பதினெட்டாம் பக்கம் காலியா இருக்கே?"

"'கட்சி பிளவுபட்டால், பிளப்பவர் பெயர்'னு கேட்டிருக்கு சார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"ஆரம்பிக்கிறப்ப எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பிரிஞ்சப்புறம் இங்க வந்து அழறாங்க. அரசாங்கம் முன்யோசனையோட கேக்குது. எழுதுங்க."

பூட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். கட்சியில் அவரை விட்டால் இருப்பது ஒரே ஒருவர். வேறு வழியில்லாமல் மச்சான் பெயரை எழுதினார். மச்சானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது அந்தப் பக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துக்கொண்டார்.

"சின்னம்?"

"லிஃப்ட் சார்."

"பட்டியல்ல லிஃப்ட் கிடையாது. ஃபர்னிச்சர் மட்டும்தான்."

"ஏன் சார்?"

"முதல் ரெண்டு கட்சியும் ஃபர்னிச்சர். அதான் மரபு. உட்கார முடியாத சின்னத்துக்கு மக்கள் எப்படி ஓட்டுப் போடுவாங்க? முக்காலி இருக்கு. எடுத்துக்கறீங்களா?"

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "முக்காலியா! எந்த மேடு பள்ளத்துலயும் ஆடாம நிக்கறது அது ஒண்ணுதான்" என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னார். முக்காலிக் கட்சிக்கு ஒரே ஒரு கோஷம்: 'பூட்டை எடு!' ஏழாம் மாடிக்காரர்களும் எட்டாம் மாடிக்காரர்களும் கண்ணீர் விட்டார்கள். காய்கறிப் பையோடு ஏறுகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் பையை இறக்கிவைத்து அந்தக் கோஷத்தைப் போட்டுவிட்டு ஏறினார்கள். நானும் போட்டேன்.

வாக்குச்சாவடி தரைத்தளத்தில். வாக்காளர் நேரில் வர வேண்டும் என்பது விதி. லிஃப்டுக்காக ஆரம்பித்த கட்சிக்கு, லிஃப்ட் இல்லாததால், அண்ணி ஓட்டுப் போட முடியவில்லை. அதிகாரியிடம் சொன்னதற்கு, "அடுத்த தேர்தலுக்குள்ள சரியாயிடும்ல?" என்றார் நம்பிக்கையோடு.

பதினைந்து இடத்தில் நாற்காலிக்கு ஆறு, பெஞ்சுக்கு ஆறு, முக்காலிக்கு மூன்று. முக்காலி யார் பக்கம் சாய்கிறதோ அவர்கள் ஆட்சி. அன்று படிக்கட்டில் நடந்த கொண்டாட்டத்தில் என் ஒரு செருப்பு தொலைந்தது. வருத்தமே வரவில்லை.

நான்கு நாள் பேச்சுவார்த்தை. பூட்டுக்காரருக்குக் கூட்டத்தில் பேச வராது என்று மச்சான் போனார். ஐந்தாம் நாள் மன்றத்தில் மச்சான் எழுந்தார். சட்டைப் பையில் புதுப் பேனா, பேச்சில் புது இலக்கணம்.

"நண்பர்களே! மூன்றாண்டுகளாக மோட்டார் அறைக்கு இரண்டே இரண்டு பூட்டுகள். மூன்றாவது குரலுக்கு அங்கே இடமே இல்லை. எவ்வளவு பெரிய அநீதி! பூட்டை எடுக்கச் சொல்லித்தான் வந்தோம். மறுக்கவில்லை. ஆனால் வந்து பார்த்த பிறகல்லவா தெரிகிறது, பூட்டு இல்லாதவனை இந்த மன்றத்தில் டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை! பூட்டை எடுக்க வேண்டுமென்றால் பூட்டு நம்மிடம் இருக்க வேண்டும். ஆகவே முக்காலியும் ஒரு பூட்டைப் போடும். எடுக்கும்போது மூன்றையும் சேர்த்தே எடுப்போம்!"

நாற்காலியும் பெஞ்சும் மேசையைத் தட்டின. மச்சானுக்குத் துணைத்தலைவர் பதவி. பூட்டுக்காரர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் பழக்கதோஷத்தில் குனிந்து உள்ளே பார்த்தார்.

வீட்டில் மச்சான் வேறு மொழி பேசினார். "மாமா, நம்ம பூட்டு, நம்ம சாவி. எப்ப வேணா எடுத்துடலாம். உங்க கையால ஒண்ணு செஞ்சு குடுங்க. கட்டடத்துலயே நல்ல பூட்டா இருக்கணும்."

பூட்டுக்காரர் செய்து கொடுத்தார். இதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மூன்று நாள் வீட்டிலேயே உட்கார்ந்து ராவி ராவிச் செய்தார். தொழிலில் அரைகுறை தெரியாத மனிதர். அண்ணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொண்டுபோன காப்பி டம்ளரை வாங்கும்போது, "இவர் செஞ்சதுலயே நல்ல பூட்டு இதுதான்" என்றார்.

ஒரு வாரம் கழித்துச் சாவி கேட்டுப் போன பூட்டுக்காரரிடம் மச்சான் சொன்னது: "சாவி எங்கிட்ட இல்ல மாமா, கட்சிகிட்ட இருக்கு. கட்சி செயற்குழுகிட்ட இருக்கு."

"செயற்குழுல யார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

மறுநாள் பூட்டுக்காரர் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாக நீக்கப்பட்டார். அவர் 'ஒரிஜினல் முக்காலி' என்று தனியாகப் பதிவு செய்யப் போனபோது, அதிகாரி பதினெட்டாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "பிளப்பவர்னு உங்க மச்சானை நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அவர் பிளக்கல, நீங்கதான் வெளிய நிக்கறீங்க. பொய்த் தகவல் குடுத்ததுக்கு எச்சரிக்கை." ஆனாலும் 'ஒரிஜினல் முக்காலி' என்ற பெயர் வீணாகவில்லை. எட்டாம் மாடிக்காரர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். நான்காவது பூட்டு.

மூன்றாவது கட்சிக்குத் துணைத்தலைவர் பதவி கிடைத்ததைக் கட்டடமே பார்த்துவிட்டதல்லவா? அலமாரிக் கட்சி வந்தது. கட்டில் கட்சி வந்தது. எதிர்வீட்டுக்காரர் டீப்பாய்க் கட்சி. பேராசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, களத்தில் இறங்காமல் ஆய்வு முழுமை பெறாது என்று சாய்வு நாற்காலிக் கட்சியை ஆரம்பித்தார். கட்சி பிறந்த அன்றே எல்லாரும் செய்த முதல் காரியம் மொட்டை மாடிக்கு ஒரு பூட்டோடு ஏறியதுதான். இரண்டு பூட்டுக்குத்தான் வளையம் இருந்தது. அதனால் பூட்டோடு பூட்டாகக் கோத்தார்கள். 'சங்கிலிக் கூட்டணி' என்று அதற்கும் ஒரு பெயர். வாரம் ஒருநாள் பூட்டுப் பரிசோதனை: எல்லாக் கட்சிப் பிரதிநிதிகளும் படியேறிப் போய், மற்ற கட்சிகளின் பூட்டை ஆளுக்கு மூன்று தடவை ஆட்டிப் பார்த்து, 'பூட்டியே இருக்கிறது' என்று கையெழுத்திட வேண்டும். கட்டில் கட்சிக்காரருக்கு மூட்டு வலி. ஏறி முடிந்ததும் மோட்டார் அறை வாசலிலேயே படுத்துக்கொண்டு, "லிஃப்ட் மட்டும் இருந்திருந்தா இந்தப் பரிசோதனைய இன்னும் சிறப்பா நடத்தலாம்" என்பார். அதற்கும் மற்றவர்கள் கையெழுத்திடுவார்கள்.

மொத்தம் ஒன்பது பூட்டு. நீங்கள் எண்ணிப் பார்த்திருந்தால் எட்டுதான் வந்திருக்கும். ஒன்பதாவது திரைச்சீலைக் கட்சி. சீலை சட்டப்படி ஃபர்னிச்சரோடு சேரும் என்று அதிகாரியே ஒத்துக்கொண்டார். அதன் தலைவி நான்.

ஏன் ஆரம்பித்தேன் என்று கேட்கிறீர்கள். எல்லாக் கட்சிக் கூட்டத்திலும் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். உள்ளே இருந்தால் அண்ணிக்காக நானும் குரல் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. குரல் கொடுக்க எழுந்த முதல் நாளே டீ வந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணி ஒன்பது கட்சிக்கும் ஒரே மாதிரி ஒரு கடிதம் எழுதினார். நூலகத்து முத்து முத்தான கையெழுத்து. 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருமுறை மட்டும் மோட்டார் அறையைத் திறந்து தரவும். எதிரே இருக்கும் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர விரும்புகிறேன். பிறகு பூட்டிக்கொள்ளலாம்.'

மன்றம் உருகிவிட்டது. ஒன்பது தலைவர்களும் சம்மதித்தோம். பத்து மணிக்கு அவரவர் சாவியோடு மொட்டை மாடிக்கு வருவது என்று முடிவு. மச்சான் அழுதார். நல்ல மெக்கானிக் ஒருவரைப் பூட்டுக்காரர் தேடிப் பிடித்தார். உரியவர்கள் ஒன்பது பேரும் முன்னிலையில் இருக்கப்போகிறோம், அவருடைய உறுதிமொழிக்கும் பங்கமில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அவர் ஒவ்வொரு பூட்டுக்கும் எண்ணெய் விட்டதைப் பார்த்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அண்ணி மடிப்புக் கலையாத நீலப் புடவையில், மடியில் ஒரு பையோடு, ஆறாம் மாடி லிஃப்ட் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொட்டை மாடியில் பூட்டுக்காரரும் மெக்கானிக்கும் நின்றார்கள்.

ஒன்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

யாரும் மறுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எல்லார் கையிலும் சாவி இருந்தது. ஆனால் அரசியலில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்: எட்டுப் பூட்டு திறந்த பிறகு வருகிற ஒன்பதாவது சாவிக்குத்தான் மதிப்பு. அதற்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள், அதற்குத்தான் கைதட்டல். முதலில் போகிறவன் வெறும் ஆள். அதனால் பல் டாக்டர் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். டிரைவிங் ஸ்கூல் அம்மா தன் கதவுக்குப் பின்னால். மச்சான் ஐந்தாம் மாடியில், அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சரியாக ஒரு மாடி கீழே, கதவிடுக்கில். நான் என் சீலைக்குப் பின்னால், சாவி கையில் வியர்க்க வியர்க்க, மற்ற எட்டுக் காலடியையும் எண்ணுவதற்காகக் காத்திருந்தேன். ஒன்றுகூடக் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு மெக்கானிக் வேறு வேலை இருக்கிறது என்று இறங்கிப் போனார். பதினொன்று ஐந்துக்கு, படிக்கட்டில் ஏதோ உரசுகிற சத்தம். முதலில் பூனை என்று நினைத்தேன். ஒரு உரசல், ஒரு மூச்சு. மறுபடி ஒரு உரசல், ஒரு மூச்சு. சீலையை விலக்கி, படிக்கட்டு இடைவெளி வழியாக மேலே பார்த்தேன்.

அண்ணி படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். பை கழுத்தில் தொங்கியது. ஆறு மாடி, நூற்றிருபது படி. ஐந்தாம் மாடியில் ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

நான் ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். "அண்ணி, அண்ணன் மேல நிக்கறார், கூப்பிடறேன்."

"வேண்டாம். நிக்கட்டும். எல்லாரும் வருவாங்கன்னு நிக்கறார்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என் மூடிய கையைப் பார்த்தார். "சாவியா அது?"

"ஆமா அண்ணி."

"பத்திரமா வச்சுக்க."

அவ்வளவுதான். அடுத்த படிக்குக் கையை ஊன்றினார். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. சனிக்கிழமைகளில் நூலகம் ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் அந்தக் கதவைச் சாத்தியவர் அவர்தான். எதிர்ச்சாரியில் மூடிக் கிடந்த கதவைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே இருந்தார். பிறகு, "டாக்சி ஒண்ணு கூப்பிடு. பக்கத்து ஊர்ல எங்க சின்னப் பொண்ணு வீடு தரைதான்" என்றார். டாக்சிக்காரரும் நானுமாக ஏற்றினோம். தூக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

பூட்டுக்காரர் இரண்டு மணிக்கு இறங்கி வந்தார். ஆறாம் மாடியில் காலியாக நின்ற சக்கர நாற்காலியைக் கடந்துதான் வந்திருப்பார். நடந்ததைச் சொன்னேன். அவர் கடைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த உறுதிமொழிச் சட்டத்தைக் கழற்றி, முகம் தெரியாதபடி திருப்பிவைத்தார். ஒரு கம்பியையும் சிறு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். நான் பின்னாலேயே போனேன்.

ஒன்பது பூட்டையும் திறக்க அவருக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. அதில் பத்து நிமிஷம் அவரே மச்சானுக்காகச் செய்த மூன்றாவது பூட்டுக்கு. என்னுடையதற்கு அரை நிமிஷம். கடைத்தெருவில் வாங்கியது.

உள்ளே மோட்டார் தூசி படிந்து, புத்தம்புதிதாக இருந்தது. பக்கத்தில் மெயின் சுவிட்ச் இறக்கிவிடப்பட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அந்த முதல் மெக்கானிக், 'நாளைக்கு வந்து பாக்கறேன்' என்றவர், பாதுகாப்புக்காக இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அன்று லிஃப்ட் நின்றது கரண்ட் போனதால் இருக்கும், அதன்பிறகு அவ்வளவுதான் கோளாறு. பூட்டுக்காரர் சுவிட்சை மேலே தள்ளினார்.

லிஃப்ட் கிளம்பிய சத்தத்தில் மற்ற எட்டுத் தலைவர்களின் கதவும் ஒன்றாகத் திறந்தன. அவர் ஆறாம் மாடியில் நிறுத்தி, காலி நாற்காலியை உள்ளே தள்ளி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கினார். மூன்று வருஷத்தில் அவரைத் தவிர அந்த லிஃப்டில் போன ஒரே பயணி அந்த நாற்காலிதான்.

மன்றத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒன்பது கட்சியும் கையை உயர்த்தினோம். உரியவர் அனுமதியின்றிப் பூட்டைத் திறந்த குற்றத்துக்குப் பூட்டுக்காரரின் கடை உரிமத்தை ரத்து செய்யக் கோருவது. முறைகேடாக ஓட ஆரம்பித்த லிஃப்டை உடனே நிறுத்துவது. "லிஃப்ட் ஓடுவது முக்கியமல்ல, எப்படி ஓடுகிறது என்பதே முக்கியம்" என்று பேசிய பேராசிரியருக்கு நல்ல கைதட்டல். நான் கையைக் கொஞ்சம் தாழ்வாகத்தான் உயர்த்தினேன். ஆனால் எண்ணும்போது சேர்த்துக்கொண்டார்கள்.

மோட்டார் அறையை மறுபடி பூட்டியாயிற்று. இப்போது பத்து. பத்தாவது நடுநிலைப் பூட்டு. அதன் சாவி யாரிடமும் இருக்கக்கூடாது என்று தூர எறிந்துவிட்டார்கள். பத்தாவது கட்சி ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேராசிரியர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் பல் டாக்டர் மகனுக்கும் டிரைவிங் ஸ்கூல் அம்மா மகளுக்கும் கல்யாணம். பேசி முடித்து நாலு வருஷம் ஆயிற்றாம். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே! பத்திரிகையில் ஒரு ஓரத்தில் நாற்காலி, மறு ஓரத்தில் பெஞ்சு. மண்டபம் நாலாம் மாடியில். லிஃப்ட் வசதி உண்டு என்று அடியில் போட்டிருந்தார்கள். மச்சான் வேறு கட்டடத்துக்குக் குடிபோய்விட்டார், தரைத்தளம். கட்டில் கட்சிக்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார்.

பூட்டுக்காரர், அண்ணி இருக்கும் ஊரிலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டதாகவும், வாசலில் படியே இல்லாத வீடு என்றும், சாவி ரிப்பேர் மட்டும் செய்கிறார், பூட்டுச் செய்வதில்லை என்றும் டாக்சிக்காரர் சொன்னார். அண்ணி பேசுகிறாரா என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. ஆறாம் மாடி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருக்கிறது. பெண் முழுகாமல் இருக்கிறாள். படியேறி வரும்போது என் வாசலில் நின்று, "லிஃப்ட் எப்பக்கா ஓடும்?" என்று கேட்டாள்.

என் சாவி பத்திரமாக இருக்கிறது.